இலைச்சாறு எதுவரை போகும்?



சம்பா அறுவடை முடிந்திருக்கிறது. விற்க வேண்டியது கொள்முதல் நிலையத்துக்குப் போய்விட்டது. அடுத்த பட்டத்துக்கு விதையாக எதை எடுத்து வைப்பது என்று வீட்டுக்கு வீடு யோசனை நடக்கிற நேரம் இது. இந்த நேரம் பார்த்து விதைநெல்லைப் பற்றிப் பேச அழைத்தீர்களே, அதற்கு முதல் நன்றி. விதைநெல்லில் தொற்றி வரும் பூசண நோய்களை இலைச்சாறு கொண்டு அடக்க முடியுமா என்பதுதான் இன்றைய பேச்சு.

முடியுமா? முடியும் என்று கை தூக்குகிறவர்கள் இந்த மன்றத்தில் பாதிப் பேர் இருப்பீர்கள். அதெல்லாம் வேலைக்காகாது, கடையில் ஒரு பாக்கெட் வாங்கிக் கலந்தால் தீர்ந்தது என்கிறவர்கள் மீதிப் பேர். நான் இரண்டு பக்கமும் சேரப்போவதில்லை. எந்தச் சாறு? எந்தப் பூசணத்தை? விதையின் எந்த இடத்தில்? எவ்வளவு தூரம்? இதைக் கேட்காமல் ‘முடியும்’ என்பதும் தவறு, ‘முடியாது’ என்பதும் தவறு. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் அதற்கான சாட்சியம்.

ஒரு பிடி விதைநெல்லை எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். பொன்னிறமாகத் தெளிந்த மணிகளுக்கு இடையே பழுப்புப் பொட்டு விழுந்த மணி இருக்கும், நுனி கறுத்த மணி இருக்கும், சாம்பல் படர்ந்த மணி இருக்கும். பழுப்புப் பொட்டு பல நேரங்களில் பைபோலாரிஸ் ஒரைசே என்கிற பூசணத்தின் வேலை. வயலில் செம்புள்ளி நோய் என்று நாம் சொல்வது இதனால் வருவதுதான். குலைநோயைத் தரும் பைரிகுலேரியாவும் விதையில் தங்கும். இலையுறை அழுகலைத் தரும் சரோகிளேடியமும் தங்கும். கர்வுலேரியா, அல்டர்னேரியா, ஃபியூசேரியம் என்று இன்னும் ஒரு பட்டாளம் உண்டு. பெயர் மறந்தால் பரவாயில்லை, அவை தங்கும் இடத்தை மறக்காதீர்கள். சில பூசணங்கள் உமியின் மேல் தூசியாக ஒட்டியிருக்கும். சில, உமிக்கும் அரிசிக்கும் நடுவே இழை விட்டிருக்கும். சில, அரிசிக்குள்ளேயே புகுந்து முளைக்கரு வரைக்கும் போய்விடும். மேலே, நடுவே, உள்ளே. என் பேச்சு முழுவதும் இந்த மூன்று இடங்களைச் சுற்றித்தான் வரப்போகிறது.

ஒரு பழுப்புப் பொட்டு என்ன செய்துவிடும் என்று கேட்பீர்கள். வங்காளத்துக்குப் போவோம். 1942-ஆம் ஆண்டு அக்டோபர் 16. மிதுனாப்பூர்க் கடற்கரையைப் பெரும்புயல் தாக்கியது. மேகமூட்டமும் ஈரமுமாக இருந்த அந்தப் பருவத்தில், ஆமன் நெல் பூத்து மணி பிடிக்கும் வேளையில், செம்புள்ளி நோய் மாகாணம் முழுக்கப் பரவியது. அடுத்த ஆண்டு வங்காளத்தில் பூசணவியலாளராக வேலைக்குச் சேர்ந்தவர் எஸ். ஒய். பத்மநாபன். கண்ணால் கண்டதையும் கணக்கில் கண்டதையும் சேர்த்து 1973-இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். சின்சுரா, பாங்குரா ஆகிய இரண்டு நெல் ஆராய்ச்சி நிலையங்களின் விளைச்சல் பதிவுகளை அதில் எடுத்து வைத்தார். முந்திய ஆண்டோடு ஒப்பிட்டால் பல ரகங்களில் பாதிக்கு மேல் போயிருந்தது. சில ரகங்களில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது.

புயலுக்கு அடுத்த ஆண்டு வந்தது வங்கப் பஞ்சம். செத்தவர்கள் லட்சக்கணக்கில், முப்பது லட்சம் என்று கணக்கிட்டவர்களும் உண்டு. அந்தப் பஞ்சத்துக்குப் பூசணமா காரணம்? அமர்த்தியா சென் 1981-இல் வந்த தம் நூலில் வேறு கணக்குப் போட்டார். அரிசி ஒரேயடியாக இல்லாமல் போய்விடவில்லை, ஏழையால் அதை வாங்க முடியாமல் போனது என்றார். போரும் விலையேற்றமும் ஆட்சியாளர்களின் செயலும் சேர்ந்து கொன்றன என்பதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. ஆனால் அந்த ஆய்வு நிலையங்களின் வயலில் நடந்ததும் பொய்யில்லை. பஞ்சத்தின் சூடு ஆறுவதற்குள், 1946-இல், கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. பின்னாளில் அதன் இயக்குநராக இருந்தவர் அதே பத்மநாபன்.

நம் தஞ்சைப் பக்கமும் தப்பவில்லை. 1919-இல் இந்த டெல்டாவில் குலைநோய் பெருஞ்சேதம் செய்தது. இந்தியாவில் குலைநோயின் முதல் பெரிய தாக்குதல் என்று பாடநூல்கள் குறிப்பது அதைத்தான். மார்கழிப் பனியும் குளிர்ந்த இரவும் நமக்கு எவ்வளவு பிடிக்குமோ, அந்தப் பூசணத்துக்கும் அவ்வளவு பிடிக்கும்.

இங்கே மாணவர்களுக்காக ஒரு வார்த்தை. விதையில் வருகிற நோய் எல்லாம் விதையால் மட்டுமே பரவுவதில்லை. நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் ஏதோ ஒரு வயலில் எப்போதும் நெல்லோ புல்லோ பச்சையாக நிற்கும். குலைநோயின் வித்து காற்றில் வந்துகொண்டே இருக்கும். விதைநேர்த்தி நாற்றங்காலைக் காப்பாற்றும். தைமாதக் கதிரைக் காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செம்புள்ளியும் அப்படித்தான். சாம்பல் சத்தும் சிலிக்காவும் குறைந்த மண்ணில்தான் அது கொட்டமடிக்கும். மண் பட்டினி கிடக்கும்போது விதைக்கு மட்டும் வைத்தியம் பார்த்துப் பயனில்லை.

விதை வழியாகவே வந்து, விதைநேர்த்தி செய்தால் பெரும்பகுதி அடங்குகிற நோய் ஒன்று உண்டு. ஜப்பானில் அதற்குப் பக்கானே என்று பெயர். நாற்றங்காலில் மற்ற நாற்றுக்கு மேலே சில நாற்றுகள் மட்டும் வெளிறிப்போய் நெடுநெடுவென்று எழும்பி நிற்கும். பார்த்தால் நல்ல வளர்ச்சி போலத் தெரியும். சில நாளில் அடி அழுகிச் சாயும்; தப்பிப் பிழைத்தாலும் கதிர் பதராகும். செய்வது ஃபியூசேரியம் பூசணம். 1926-இல் தைவானில் வேலை பார்த்த குரோசாவா என்ற ஜப்பானிய அறிவியலாளர், பூசணத்தை வளர்த்த திரவத்தை வடிகட்டி, பூசணமே இல்லாத அந்த நீரை நாற்றுக்குக் கொடுத்துப் பார்த்தார். அப்போதும் நாற்று நெடுநெடுவென்று வளர்ந்தது! பூசணம் ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது என்று புரிந்தது. யபுட்டா என்பவர் 1935-இல் அதற்கு ஜிப்பரெல்லின் என்று பெயர் வைத்தார். இன்று திராட்சைக் கொத்து பெருக்க வேண்டும் என்று தோட்டக்காரர்கள் தெளிக்கிறார்களே, அதே ஜிப்பரெல்லின்தான். நெல்லைக் கெடுத்த பூசணத்திடமிருந்து திராட்சைக்கு ஒரு மருந்து! நமது பஞ்சாபிலும் அரியானாவிலும் பாசுமதி விவசாயிகளுக்கு இந்த நோய் இன்றும் தலைவலி.

சரி, மருந்துக்கு வருவோம். விதையைப் பூசணத்திடமிருந்து காக்க உலகம் சென்ற நூற்றாண்டில் பெரிதாக நம்பியது எதை? பாதரசத்தை. நம் நாட்டிலும் ஒரு காலத்தில் பாதரசம் கலந்த விதைநேர்த்தி மருந்துகள் கடைகளில் விற்றன. வேலை செய்ததா? நன்றாகவே செய்தது. விலை என்ன? அதை ஈராக்கிடம் கேட்க வேண்டும். 1971-இல் அங்கே விதைக்கென்று வெளிநாட்டிலிருந்து கோதுமையும் பார்லியும் கப்பலில் வந்தன. மீத்தைல் பாதரசம் பூசிய விதை. ஆபத்து என்று காட்ட நிறச் சாயம் ஏற்றியிருந்தார்கள். மூட்டையில் எச்சரிக்கையும் அச்சடித்திருந்தார்கள், அந்த உழவர்களுக்குத் தெரியாத மொழியில். பல ஊர்களுக்கு அது வந்து சேர்ந்தபோது விதைப்புக் காலமே முடிந்திருந்தது. பசித்த வீட்டில் மூட்டை நிறையத் தானியம் இருந்தால் என்ன நடக்கும்? கழுவினார்கள். சாயம் போனது. விஷமும் போனது என்று நினைத்தார்கள். அரைத்து ரொட்டி சுட்டார்கள். மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் 6,530 பேர். மருத்துவமனையில் மட்டும் செத்தவர்கள் 459 பேர். வீட்டில் செத்தவர்களும் மருத்துவமனைக்கு வராமலே கண்ணும் காலும் போனவர்களும் இந்தக் கணக்கில் இல்லை.

பாதரசம் போனது, அதன் பிறகு வந்தவை அந்த அளவுக்குக் கொடியவை அல்ல. இன்று நீங்கள் கிலோவுக்கு 2 கிராம் கலக்கிற கார்பென்டாசிமைப் பாதரசத்தோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. அதற்கு வேறொரு குறை உண்டு. அந்த வகை மருந்துகள் பூசணத்தின் செல்லில் ஒரே ஒரு இடத்தில்தான் அடிக்கும். அந்த ஓர் இடத்தைப் பூசணம் மாற்றிக்கொண்டால் மருந்து செல்லாது. ஜப்பானில் பக்கானேக்குப் பெனோமில் மருந்தை வருடா வருடம் விதைக்குக் கொடுத்து வந்தார்கள். 1980-களில் அதற்கு அசையாத ஃபியூசேரியம் வந்துவிட்டது. மருந்து அதே மருந்து, அளவு அதே அளவு. பூசணம் மட்டும் மாறிவிட்டது.

இந்த இடத்தில்தான் இலைச்சாறு உள்ளே வருகிறது. ஓடவும் முடியாமல், ஒளியவும் முடியாமல், நின்ற இடத்திலேயே நிற்கிற செடி, தன்னைத் தின்ன வரும் பூசணத்தை எப்படி எதிர்கொள்கிறது? தனக்குள்ளேயே மருந்து காய்ச்சி வைத்திருக்கிறது. அதுவும் ஒன்று இரண்டு அல்ல, ஒரே இலையில் பலவகைப் பொருள்கள். அவை பூசணத்தைப் பல இடங்களில் ஒரே நேரத்தில் தாக்குவதால், பழகித் தப்பிப்பது பூசணத்துக்குக் கடினம். சாற்றின் முதல் பலம் இதுதான்.

பூண்டை எடுத்துக்கொள்வோம். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். உரிக்காத பூண்டுப் பல்லை முகர்ந்து பாருங்கள், வாசனையே இருக்காது. நசுக்குங்கள், அடுத்த நொடி மூக்கைத் துளைக்கும். ஏன்? பல்லுக்குள் அல்லீன் என்ற பொருள் ஓர் அறையில் இருக்கிறது. அதை மாற்றக்கூடிய அல்லினேஸ் என்ற நொதி வேறோர் அறையில் இருக்கிறது. நடுவில் சுவர். அம்மிக்கல் அந்தச் சுவரை உடைக்கிறது. இரண்டும் சந்திக்கின்றன, அல்லிசின் பிறக்கிறது. 1944-இல் காவலிட்டோ, பெய்லி என்ற இரண்டு அமெரிக்க வேதியியலாளர்கள் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். பூசணத்தின் நொதிகளில் கந்தகம் இருக்கிற இடமாகப் பார்த்து அல்லிசின் பிடித்துக்கொள்ளும். நொதி செயலிழந்து போகும்.

இது தெரிந்தால் வேலை எப்படி மாறுகிறது பாருங்கள். பூண்டைக் கொதிக்க வைத்துக் கஷாயமாக்கி விதைக்கு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். முழுப் பல்லைக் கொதிநீரில் போட்டால் நொதி வெந்துபோகும். அப்புறம் அல்லிசின் எங்கிருந்து வரும்? பச்சையாக நசுக்க வேண்டும். நசுக்கிச் சில நிமிடம் விட வேண்டும். பிறகு தண்ணீரில் கரைத்து வடிகட்டி, அன்றைக்கே பயன்படுத்த வேண்டும். அல்லிசின் நாள் செல்லச் செல்லச் சிதைந்துவிடும். போன வாரம் பாட்டிலில் அடைத்து வைத்த சாறு பலிக்கவில்லை என்றால் பூண்டைக் குறை சொல்லாதீர்கள். வங்கதேசத்தில் நெல் விதைக்குப் பூண்டுச் சாறு பற்றி நிறைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. விதையில் இருந்த பூசணம் குறைந்ததையும் முளைப்பு கூடியதையும் அங்கே கண்டிருக்கிறார்கள்.

துளசியில் யூஜினால் இருக்கிறது. கிராம்பின் வாசனையும் அதுதான். வெற்றிலையிலும் அந்த இனத்துப் பொருள்கள் உண்டு. பூசணச் செல்லின் மேற்சவ்வைக் குலைப்பது அவற்றின் வேலை. ஆப்பிரிக்காவின் கேமரூனில் எலுமிச்சைப் புல்லின் எண்ணெயையும் துளசி இனத்துச் செடி ஒன்றின் எண்ணெயையும் நெல் விதையில் சோதித்தார்கள். நான் முதலில் சொன்ன பைபோலாரிஸும் அல்டர்னேரியாவும் ஃபியூசேரியமும் அடங்கின. மஞ்சளும் நொச்சியும் வேம்பும் ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்ப வருகிற பெயர்கள்.

‘எல்லாம் நம் முன்னோர் சொன்னதுதானே’ என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. அதில் பாதி சரி. சுரபாலரின் விருட்சாயுர்வேதத்தில் வாய்விடங்கமும் நெய்யும் பாலும் கொண்டு விதையை நேர்த்தி செய்யும் முறைகள் இருக்கின்றன. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் தானிய விதையை இரவில் பனியிலும் பகலில் வெயிலிலும் மாற்றி மாற்றி வைக்கச் சொல்கிறது. ஆனால் நம் பாட்டிமார் பத்தாயத்தில் நொச்சியும் வேப்பிலையும் போட்டது வண்டுக்கும் அந்துப்பூச்சிக்கும்தான். அவர்கள் பூசணத்துக்குப் போட்டார்கள் என்று இன்று நாம் கதை கட்ட வேண்டியதில்லை. அவர்கள் செய்ததே போதுமான பெருமை.

இன்னொன்றும் கேளுங்கள். நெல் இலையுறை அழுகலுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் தாவரப் பொருள்கள் என்னென்ன? 5 சத வேப்பங்கொட்டைச் சாறு, 3 சத வேப்ப எண்ணெய். சரி, வேம்பு நம்முடையது. அடுத்து? நெய்வேலிக் காட்டாமணக்கு இலைப்பொடிச் சாறு, சீமைக் கருவேல இலைப்பொடிச் சாறு; பொடி ஹெக்டேருக்கு 25 கிலோ. கண்ணாடி இலைப் பருவத்தில் ஒருமுறை, பதினைந்து நாள் கழித்து ஒருமுறை தெளிக்க வேண்டும். இந்த இரண்டு செடிகளும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. எந்த ஓலைச்சுவடியிலும் இவற்றுக்கு இடம் கிடையாது. வாய்க்காலை அடைக்கிறது என்று ஒன்றைத் திட்டுகிறோம், தண்ணீரை உறிஞ்சுகிறது என்று மற்றதைத் திட்டுகிறோம். யாரோ ஒருவர் அவற்றின் இலையையும் பறித்து, அரைத்து, அளந்து பார்த்தார்; வேலை செய்தது. செடிக்குப் பழம்பெருமை இருக்கிறதா என்று பூசணம் கேட்பதில்லை.

இனி மறுபக்கம். இதைச் சொல்லாமல் விட்டால் நான் விற்பனையாளன் ஆகிவிடுவேன்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடித் தட்டு. அதில் பூசணத்துக்கு உணவு. உணவிலேயே சாற்றைக் கலந்துவிடுகிறோம். பூசணம் வளர மறுக்கிறது. கை தட்டுகிறோம், கட்டுரை எழுதுகிறோம். ஆனால் அந்தத் தட்டில் பூசணத்துக்குப் போக வேறு இடம் கிடையாது; எங்கே திரும்பினாலும் சாறு. நெல்மணி அப்படியா? மேலே, நடுவே, உள்ளே என்று மூன்று இடம் சொன்னேனே. உமியின் மேல் இருக்கிற பூசணத்தைச் சாறு நன்றாகத் தொடும். நடுவில் இருப்பதை ஊறவைக்கும் நேரத்தைப் பொறுத்து ஓரளவு தொடும். முளைக்கருவுக்குள் போய்விட்டதை? பெரும்பாலும் தொடாது. உள்ளே புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட திருடனை வாசலில் நின்று மிரட்டுவது போலத்தான் அது. ஆகவே ஓரளவு நல்ல விதையைச் சாறு இன்னும் நல்லதாக்கும். நோயில் ஊறிப்போன விதையை எந்தச் சாறும் மீட்காது. எத்தனையோ தோல்விக் கதைகளுக்குப் பின்னால் இருப்பது இதுதான்: சாறு தோற்கவில்லை, விதை ஏற்கெனவே தோற்றுப்போயிருந்தது.

அளவு கூடினால் இன்னொரு சிக்கல். பூசணத்தைக் கொல்கிற பொருள் முளையையும் கொல்லக்கூடும். கெட்டியான பூண்டுச் சாற்றிலும் வாசனை எண்ணெயிலும் ஊறிய விதை முளைக்கத் திணறும். ‘இயற்கைதானே, இன்னும் இரண்டு கை கூடப் போடு’ என்கிற தாராளம் இங்கே ஆகாது. இயற்கை என்றால் ஆபத்தில்லை என்பதும் கிடையாது. நெய்வேலிக் காட்டாமணக்கைத் தொடர்ந்து மேய்ந்த ஆடு நரம்பு கெட்டுத் தள்ளாடிச் சாகும். அந்த இலையை அரைக்கிற அம்மா கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பாத்திரம் அடுப்படிக்குத் திரும்பக் கூடாது.

சூடோமோனாஸ் கலக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒன்று. கிலோவுக்கு 10 கிராம் கலக்கிறீர்கள், நல்லது. அதையும் பூண்டுச் சாற்றையும் ஒரே வாளியில் போடாதீர்கள். சூடோமோனாஸ் உயிருள்ள பாக்டீரியா; பூண்டு பூசணத்தை மட்டுமல்ல, பாக்டீரியாவையும் கொல்லும். காசு கொடுத்து வாங்கிய நண்பனை நாமே கொன்ற கதையாகிவிடும்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? சாற்றிலிருந்து அல்ல, உப்பிலிருந்து. பத்து லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கல்லுப்பைக் கரைத்து, நல்ல முட்டை மேலே மிதந்து காசளவுக்குத் தலை காட்டும்வரை கூட்டிக் குறைத்து, அதில் விதையைக் கொட்டுங்கள். நோய் பிடித்த மணிகளில் பெரும்பாலானவை பாரம் குறைந்தவை, மிதக்கும். வழித்தெடுத்துவிட்டு, மூழ்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள்; உப்பு தங்கினால் முளைப்பு கெடும். 1882-இல் ஜப்பானில் யோகோய் என்ற வேளாண் அறிஞர் உப்புநீர்த் தேர்வை முறைப்படுத்தினார். இன்றும் அது அங்கே நடப்பில் இருக்கிறது. அதே ஜப்பானில் பல இடங்களில் மருந்தை விட்டுவிட்டு, உலர்ந்த விதையை 60 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் முக்கி, உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றுகிறார்கள். சூடு உள்ளே இருக்கிற பூசணத்தையும் தொடும். சாறு போக முடியாத இடத்துக்குச் சூடு போகும். ஆனால் வெப்பமானி இல்லாமல், கைவிட்டுப் பார்த்து அந்த வேலையில் இறங்காதீர்கள். சூடு கூடினால் முளைப்பு கெடும்.

உப்பில் தேறிய விதைக்குச் சாறு கொடுங்கள். அப்போது அது தன் வேலையைக் காட்டும். காட்டுகிறதா என்பதை நீங்களே பார்க்கலாம். பெரிய ஆய்வுக்கூடத்தில் நாங்கள் செய்வது என்ன? ஒரு தட்டில் மூன்று அடுக்கு ஒற்றுத்தாளை ஈரமாக்கி 25 விதைகளை இடைவெளி விட்டு அடுக்குகிறோம். இப்படி 400 விதைகள். பகலுக்கும் இரவுக்கும் பாதிப் பாதி நேரமாக விளக்கை எரித்து அணைத்து, ஏழு நாள் கழித்து நுண்ணோக்கியில் ஒவ்வொரு விதையாகப் பார்க்கிறோம். பால் நீர்கார்ட் என்ற டேனிஷ் அறிஞர் 1967-இல் கோபன்ஹேகனில் வளரும் நாடுகளுக்கென்றே ஒரு விதைநோய்க் கழகம் தொடங்கினார். நம் நாட்டிலிருந்து போன பலர் அங்கே இதைக் கற்றுக்கொண்டு வந்தார்கள்.

உங்கள் வீட்டில் எவர்சில்வர் தட்டும் வெள்ளை வேட்டித் துணியும் இல்லையா? நூறு விதை போதும். ஈரத்துணியில் அடுக்கி, மூடி, துணி காயாமல் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். கருப்பு வெல்வெட் போலப் படர்ந்தால் பைபோலாரிஸோ கர்வுலேரியாவோ இருக்கலாம். வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பஞ்சு விட்டால் ஃபியூசேரியம் என்று சந்தேகப்படுங்கள். பச்சைப் பொடி தெரிந்தால், விதை சரியாகக் காயாமல் மூட்டைக்குப் போயிருக்கிறது. ஈரம் 13 சதத்துக்கு மேல் இருந்தால் சேமிப்பில் அது எளிதில் வரும்.

நாற்றங்காலிலும் ஒரு சோதனை செய்யுங்கள். மூன்று சிறு பாத்தி. ஒன்றில் நீங்கள் வழக்கமாக விதைப்பது. ஒன்றில் வெறும் தண்ணீரில் அதே நேரம் ஊறிய விதை. ஒன்றில் சாற்றில் ஊறிய விதை. நடுவில் அந்த வெறும் தண்ணீர்ப் பாத்தி எதற்கு என்று கேட்பீர்கள். அதுதான் முக்கியம்! ஊறவைத்து அலசினாலே விதை கொஞ்சம் தேறிவிடும். அந்தப் புகழ் பூண்டுக்குப் போகக் கூடாது. லிட்டருக்கு 100 கிராம் பூண்டு என்பது ஆய்வுகளில் வழக்கமாக எடுக்கிற அளவுகளில் ஒன்று. அதில் தொடங்கி, பாதி அளவிலும் ஒன்று வைத்துப் பாருங்கள். முழு விதையையும் முதல் வருடமே இதில் இறக்கிவிடாதீர்கள்.

பார்த்ததை எழுதி வையுங்கள். எழுதி வைப்பதால் என்ன வரும் என்று கேட்பவர்களுக்கு வேம்பின் வழக்கைச் சொல்கிறேன். வேப்ப எண்ணெய் கொண்டு செடிகளின் பூசண நோயைத் தடுக்கும் முறைக்கு, டபிள்யூ. ஆர். கிரேஸ் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கும் அமெரிக்க வேளாண்மைத் துறைக்கும் 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் உரிமை வழங்கியது. கவனியுங்கள், பூச்சிக்கு அல்ல, பூசணத்துக்கு. நம் பொருள்தான்! வந்தனா சிவாவும், ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் பசுமைக் கட்சி உறுப்பினர் மாக்டா ஆல்வூட்டும், இயற்கை வேளாண் இயக்கங்களின் உலகக் கூட்டமைப்பும் எதிர்த்து வழக்காடினார்கள். ‘இது எங்கள் நாட்டில் எல்லோருக்கும் தெரியும்’ என்று ஆயிரம் பேர் சொல்லலாம். அந்த மன்றம் கேட்டது ஆதாரத்தை. எங்கே, எப்போது, எந்தப் பயிருக்கு, எவ்வளவு? வழக்கைத் திருப்பியது அபய் பட்கே என்ற இந்தியத் தொழில்முனைவரின் சாட்சியம். 1985, 86-ஆம் ஆண்டுகளின் கோடையிலேயே மகாராஷ்டிரத்தில் வேப்பச் சாற்றை அவர் பூசணத்துக்கு எதிராக வயலில் சோதித்திருந்தார். அந்த விவரங்களை மன்றத்தின் முன் வைக்க அவரால் முடிந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடியானது.

அதனால் சொல்கிறேன், ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, ரகம், எந்தச் செடியின் எந்தப் பாகம், எத்தனை கிராம், எவ்வளவு தண்ணீர், எத்தனை மணி நேரம், நூற்றுக்கு எத்தனை முளைத்தது, எத்தனை கருகியது. பலிக்காவிட்டால் அதையும் எழுதுங்கள். மாணவர்களே, பக்கத்து ஊர்களுக்குப் போய் இந்த நோட்டுகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். உங்கள் ஆய்வுக்குத் தலைப்பு அங்கேயே கிடைக்கும்.

மன்றத்தின் பின்பக்க மேசையில் மூன்று தட்டுகள் வைத்திருக்கிறோம். மூன்றும் ஒரே மூட்டை விதை. உலர்ந்தது ஒன்று, தண்ணீரில் ஊறியது ஒன்று, பூண்டுச் சாற்றில் ஊறியது ஒன்று. எது எது என்று தட்டின் மேல் எழுதவில்லை. சீட்டு அடியில் ஒட்டியிருக்கிறது. பூதக்கண்ணாடியும் இருக்கிறது. பார்த்து, கறுத்த விதைகளை எண்ணி, ஒரு தாளில் குறித்துக்கொண்ட பிறகு தட்டைத் தூக்கிப் பாருங்கள். கேள்விகளை அதற்கப்புறம் வைத்துக்கொள்வோம்.